காவிரியைக் காப்பது கும்பிடா, சட்டமா?

(ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாணவர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "சுற்றுச்சூழல் சட்டமும் மாணவர்களுக்கு அதிலுள்ள வேலையும்" என்பதாகும். இது ஏதோ பட்டணத்துப் படித்தவர்கள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பேசவேண்டிய சங்கதி, உழவனுக்கும் கூலிக்காரனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நானும் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. காலேஜ் வாசற்படி மிதித்தவனுமல்ல. சர்க்கார் வெளியிட்ட சட்டத்தையும், கோர்ட்டுத் தீர்ப்புகளையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்ததில் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டிற்குப் போய் உங்கள் அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரி என்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! நம் நாட்டில் காவிரியைத் தாய் என்கிறோம். ஆடிப் பதினெட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறோம். ஐப்பசியில் மாயவரத்துக்குப் போய்த் துலா ஸ்நானம் செய்தால் பாவம் போகும் என்கிறோம். சரி, அந்தத் தாயை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? அவள் மடியில் சாக்கடையை விடுகிறோம்; ஆலைக்கழிவை விடுகிறோம்; அவள் அடிவயிற்று மணலை இரவோடிரவாய் லாரியில் ஏற்றி விற்கிறோம். பெற்ற தாயை இப்படி நடத்துகிறவனை ஊர் என்னவென்று சொல்லும்? கும்பிடுகிறவன் கையாலேயே கெடுகிறது என்றால், அந்தக் கும்பிடு ஆற்றைக் காப்பாற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

மேட்டூரில் அணை நிற்பது எதனால்? இன்ஜினீயர்கள் கணக்குப் போட்டு, கூலியாட்கள் கல் சுமந்து கட்டி, 1934-இல் முடித்ததால் நிற்கிறது. நம் பங்குத் தண்ணீர் எவ்வளவு என்று தீர்ந்தது எதனால்? 1990-இல் காவிரி நடுவர் மன்றம் ஏற்பட்டு, பதினேழு வருஷம் வழக்கு நடந்து, 2007-இல் தமிழ்நாட்டிற்கு 419 டி.எம்.சி. என்று சொன்னார்கள். பிறகு சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16-ந் தேதி அதை 404.25 டி.எம்.சி. ஆக்கி, அதில் 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விடவேண்டும் என்று தீர்த்தது. அந்த வழக்கில் எந்தத் தேவதை வந்து சாட்சி சொன்னாள்? மழைக் கணக்கும், பாசன ஏக்கர் கணக்கும், பழைய ஒப்பந்தக் காகிதமும்தான் சாட்சி சொல்லின. ஆகவே, ஆறு சம்பந்தப்பட்ட காரியம் அர்ச்சனையில் இல்லை, அறிவில்தான் இருக்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் காலடியில் நடந்த விஷயத்திற்கு வருகிறேன். 2010-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தஞ்சை, திருவாரூர் ஜில்லாக்களில் மன்னார்குடி வட்டாரம் என்று 691 சதுர கிலோமீட்டரைக் குறித்து, பூமிக்கடியில் நிலக்கரிப் படுகையிலுள்ள மீத்தேன் வாயுவை எடுத்துக்கொள்ள கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற கம்பெனிக்கு உரிமை கொடுத்தது. வாயு எடுப்பதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். அது எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் கெடுதி தானே விளங்கும். நிலக்கரிப் படுகையில் தண்ணீர் நிறைந்து, அதன் அழுத்தத்தில் வாயு கரியோடு ஒட்டிக்கிடக்கிறது. அந்தத் தண்ணீரை வெளியே இறைத்தால்தான் அழுத்தம் குறைந்து வாயு கிளம்பும். வெளியே வரும் தண்ணீரோ பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதை எங்கே விடுவது? கீழே தண்ணீர் இறங்கினால், பக்கத்திலேயே கடல் இருக்கிற நம் ஊரில் அந்த இடத்துக்கு எது வந்து புகும்? இதை யோசிக்க வக்கீல் வேண்டியதில்லை. கிணறு வெட்டிய எவனும் யோசிப்பான்.

அப்படி யோசித்த விவசாயிகள் எழுந்தார்கள். இயற்கை வேளாண்மை பற்றிப் பேசிவந்த நம்மாழ்வார் ஊர் ஊராய்ப் போய் எடுத்துச்சொன்னார். அந்தப் பிரசாரத்திற்கு வந்த இடத்திலேயே, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் 2013 டிசம்பர் 30-ந் தேதி உயிர் நீத்தார். மாகாண சர்க்கார் 2013-இல் திட்டத்தை நிறுத்திவைத்து, நிபுணர் குழு போட்டு, 2015-இல் வேண்டாம் என்று தீர்மானித்தது. பிறகு 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் என்றார்கள். அதே வருஷம் ஜூன் மாதக் கடைசியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவிற்று. கடைசியாக 2020 பிப்ரவரியில் சட்டசபை "தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம்" என்ற ஒன்றைச் செய்தது. தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களும், அப்போது நாகையில் அடங்கியிருந்த மாயவரமும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் சில வட்டாரங்களும் இதில் வருகின்றன. புதிதாக எண்ணெய், வாயுக் கிணறு தோண்டுவது, தோல் ஷாப்பு வைப்பது, செம்பு, துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலை, இரும்பாலை, கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவை இங்கே கூடாது என்று சட்டம் சொல்லுகிறது.

நல்ல சட்டந்தான். ஆனால் சட்டம் வந்துவிட்டது என்று மேளம் கொட்டிய நம்மில் எத்தனை பேர் அதை வாசித்தோம்? வாசித்திருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். ஒன்று, ஏற்கெனவே நடந்துவந்த கிணறுகளை அது தொடவில்லை. இரண்டு, துறைமுகம், குழாய், ரோடு, மின்சாரம் போன்ற கட்டுமானங்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. வேலி போட்டவன் எந்தப் பக்கம் சந்து விட்டிருக்கிறான் என்று பார்க்காதவன் தோட்டத்தில் ஆடு மேயாமல் என்ன செய்யும்?

2023-ஐ நினைத்துப் பாருங்கள். சட்டம் வந்து மூன்று வருஷம் ஆன பின், மார்ச்சு மாதக் கடைசியில் இந்திய சர்க்காரின் நிலக்கரி இலாகா ஏலத்துக்கு விட்ட ஜாபிதாவில், வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என்று நம் பக்கத்து மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்கள் இருந்தன. வடசேரி எங்கே இருக்கிறது? இந்த ஒரத்தநாட்டில்தான் இருக்கிறது. மாகாண சர்க்கார் எதிர்த்து எழுதிற்று. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் மூன்றையும் நீக்கினார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? காகிதத்தில் சட்டம் இருந்தாலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறதற்கு ஆள் இருந்தால்தான் அது சட்டம். இல்லாவிட்டால் அது கரையான் தின்கிற காகிதம்.

இதற்கு முந்திய வழக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். 1990-க்குப் பிறகு நாகை, சீர்காழி கடற்கரை ஓரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலத்தில் கடல் தண்ணீரைக் கட்டினார்கள். பக்கத்து வயல் உப்பேறியது. குடிதண்ணீர்க் கிணறும் உப்பாயிற்று. நிலத்தை விற்றவன் மிராசுதார். பணம் வந்தது, பட்டணம் போனான். தண்ணீருக்குக் குடம் தூக்கி மைல் கணக்கில் நடந்தவள் யார்? சேரியிலிருக்கிற நம் சகோதரி. இந்த அநியாயத்தை ஜெகந்நாதன் என்ற சர்வோதயக்காரர் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். அவர் காந்தி பக்தர். அவருக்கும் நமக்கும் கொள்கையில் எவ்வளவோ தூரம். ஆனாலும் அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் செய்த காரியத்தை மறைப்பது யோக்கியமாகாது. 1996 டிசம்பர் 11-ந் தேதி, கடற்கரைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் கட்டிய இறால் பண்ணைகளை, பழைய முறையில் நடப்பவை தவிர, எடுத்துவிட வேண்டும், கெடுத்ததற்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் 2005-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் ஒன்று செய்து, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்தலாம் என்று வழிவிட்டது. கோர்ட்டில் ஜெயித்ததைச் சட்டசபையில் தோற்கலாம் என்பதற்கு இது பாடம்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "ஐயா, வயலைக் காப்பாற்றுங்கள் என்கிறீர்; எனக்கு ஒரு குழி நிலமும் இல்லையே, கம்பெனி வந்தால் என் மகனுக்கு வேலையாவது கிடைக்குமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1968-இல் கீழவெண்மணியில் அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்டதற்காக 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்திய நாடு இது. நிலம் வைத்திருக்கிறவனிடம் இந்த நாட்டுக் கூலியாளுக்கு மரியாதை ஏற்பட்டுவிட்டது என்று நான் பொய் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். தண்ணீர் கெட்டால் நிலக்காரன் நிலத்தை விற்றுவிட்டுப் போவான்; உங்களிடம் விற்க என்ன இருக்கிறது? அறுப்புக் கூலியும், ஆடு மேய்க்கும் தரிசும், வாய்க்கால் மீனும், தெருக்குழாய்த் தண்ணீரும்தான் உங்கள் சொத்து. அந்தச் சொத்துக்குப் பட்டா கிடையாது. ஆதலால் நஷ்டஈடும் கிடையாது. கம்பெனி கொடுக்கும் வேலையோ, கிணறு தோண்டும்வரை மண் சுமக்கிற வேலை. பிறகு யந்திரம் ஓட்டப் படித்தவன் வெளியூரிலிருந்து வருவான். ஆகையால் சுற்றுச்சூழல் சட்டம் முதலில் வேண்டியது நிலமில்லாதவனுக்குத்தான்.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது என்று மாணவர்கள் கவனித்துக் கேட்கவேண்டும். 1974-இல் தண்ணீர்ச் சட்டம், 1981-இல் காற்றுச் சட்டம், 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கான பேரைக் கொன்ற பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. 1976-இல் அரசியல் சட்டத்தில் பிரஜைகளுக்குக் கடமைகள் என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். அதில் காடு, ஏரி, ஆறு இவைகளைக் காப்பது ஒரு கடமை. அதற்கு அடுத்த கடமை எது தெரியுமா? விஞ்ஞான மனப்பான்மையும், கேட்டு ஆராயும் குணமும் வளர்ப்பது! ஆற்றைக் காப்பதும், அறிவைக் காப்பதும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. நாம் இவ்வளவு காலமாய்ச் சொல்லிவந்ததைத்தான் அரசியல் சட்டமும் எழுதியிருக்கிறது.

வேலூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு மூன்று விதி சொல்லிற்று. கெடுதி வரும் என்று தோன்றும்போதே தடுக்கவேண்டும். கெடுத்தவனே செலவைக் கொடுக்கவேண்டும். கெடுதி இல்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் தொழில் நடத்துகிறவன் தலையில்தான். இந்த மூன்றாவது விதியைப் பாருங்கள். ஒருவன் பேய் இருக்கிறது என்றால், இருக்கிறதென்று காட்டவேண்டியது அவன் பொறுப்பே ஒழிய, இல்லையென்று காட்டவேண்டியது நம் பொறுப்பல்ல என்று நாம் மேடைதோறும் சொல்லிவருகிறோம். அதே நியாயத்தைத்தான் கோர்ட்டு சாயப்பட்டறைக்கும் தோல் ஷாப்புக்கும் சொல்லுகிறது.

பெரிய திட்டம் பலவற்றிற்கு 2006-ஆம் வருஷத்து அறிவிப்புப்படி ஜனங்கள் கருத்தைக் கேட்கவேண்டும். முப்பது நாள் முன்னதாக நோட்டீசு கொடுக்கவேண்டும். இடத்துக்குப் பக்கத்திலேயே கூட்டம் நடக்கவேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் கொடுக்கவேண்டும். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை ஜனங்கள் பாஷையில் வாசித்துக் காட்டவேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது. ஆகவே நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதிக்கொள்வார்கள். ஆனால் 2020 ஜனவரியில் எண்ணெய், வாயுத் தேடும் வேலைக்கு இந்தக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய சர்க்கார் மாற்றிவிட்டது. அதே வருஷம் முழு அறிவிப்பையும் மாற்ற ஒரு நகல் வெளியிட்டார்கள். எந்தப் பாஷையில்? இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்! டில்லி ஹைக்கோர்ட்டு அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி ஜூன் 30-ந் தேதி உத்தரவிட்டது. சர்க்கார் மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. என் வயலில் என்ன வரப்போகிறது என்பதை எனக்குப் புரியாத பாஷையில் எழுதி, அபிப்பிராயம் சொல் என்பது, புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சணை கேட்பதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

கெடுதி நடந்துவிட்டால் எங்கே போவது? 2010-இல் ஏற்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் பாதிக்கப்பட்டவனே நேரில் நின்று வழக்காடலாம். ஆனால் கெடு உண்டு. வழக்குக் காரணம் ஏற்பட்ட ஆறு மாதத்துக்குள், தக்க காரணம் இருந்தால் மேலும் அறுபது நாளுக்குள், மனுப்போட வேண்டும். நஷ்டஈட்டுக்கு ஐந்து வருஷம். சர்க்கார் ஒரு திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை எதிர்ப்பதானால் சாதாரணமாக முப்பதே நாள்! நாம் பஞ்சாயத்து வைத்து, ஜோசியனைக் கேட்டு, நல்ல நாள் பார்ப்பதற்குள் முப்பது நாள் போய்விடும்.

ஆகவே மாணவத் தோழர்களே, உங்கள் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்னே கிராமத்தில் கணக்குப்பிள்ளை எழுதியதுதான் எல்லை. வக்கீல் சொன்னதுதான் சட்டம். அந்த எழுத்து பரம்பரையாய்ச் சிலர் வீட்டுச் சொத்தாயிருந்தது. 1980-இல் பரம்பரைக் கர்ணம் வேலை ஒழிந்தது. ஆனால் சட்டம் வாசிக்கத் தெரிந்தவன் நம் தெருவில் இன்னும் எத்தனை பேர்? பன்னிரண்டாவது முடித்த பிள்ளை ஐந்து வருஷம் சட்டம் படிக்கலாம். திருச்சியிலேயே சர்க்கார் சட்டக் கல்லூரி இருக்கிறது. ரசாயனம் படித்தவன் தண்ணீரைச் சோதித்துச் சொல்லலாம். அந்தச் சோதனைத்தாள்தான் கோர்ட்டில் பேசும். பூகோளம் படித்தவன் நிலத்தடி நீர் ஏறி இறங்குவதைக் கணக்கு வைக்கலாம். தமிழும் இங்கிலீஷும் நன்றாய்த் தெரிந்தவன் நானூறு பக்கத் திட்ட அறிக்கையை நாற்பது பக்கத் தமிழில் ஊருக்குச் சொல்லலாம். அவனைப் போன்ற உபகாரி வேறு யார்? பெண்களையும் இதில் விடவேண்டும். குடம் சுமக்கிறவளுக்குத் தெரியாத தண்ணீர்க் கதை எந்த ஆபீசருக்குத் தெரியும்?

இனி, வேண்டாம் என்று சொல்லுவது மாத்திரம் போதாது. "வாயு வேண்டாம், கரி வேண்டாம் என்கிறாய், விளக்கு எதனால் எரியும்?" என்று கேட்பான், பதில் வேண்டும். பதில் தலைக்கு மேலேயே இருக்கிறது. நம் வெயிலில் ஒரு கிலோவாட்டு சூரியப் பலகை சராசரி நாளொன்றுக்கு நாலு யூனிட்டு மின்சாரம் தரும். 2024-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 வரை மானியம். ஆனால் மெத்தை வீட்டுக்காரன் வாங்குவான். குடிசைக்காரன் பலகையை எங்கே வைப்பான்? ஆதலால் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீசு, ரேஷன் கடைக் கூரைகளில் பொதுவாய் வைக்கும்படி கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்காய் இருட்டில் கிடந்ததை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? மின்கலத்தோடு ஒரு கூரை எரிந்திருந்தால் ஊர் குடிதண்ணீராவது ஏற்றியிருக்கும்.

நெல் அரைவையில் நூற்றுக்கு இருபது பங்கு போல உமி விழுகிறது. அதை எரித்துத்தான் நம் மில்லுகள் நெல் அவிக்கின்றன. சரியான கொதிகலனில் எரித்தால் மின்சாரமும் எடுக்கலாம். வயலிலும் வேலை இருக்கிறது. மீத்தேன் பூமிக்கடியில் மாத்திரமல்ல, எப்போதும் தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்தும் கிளம்புகிறது. நம் பெரியவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற முறையைக் கணக்காய்ச் செய்தால் அது பாதியளவு வரை குறையும், தண்ணீரும் மிச்சம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சையில் உணவு பதனிடும் ஆராய்ச்சிக்கு இந்திய சர்க்காரின் கல்வி நிலையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கட்டும். ஐ.டி.ஐ. படித்தவன் பலகை மாட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ளட்டும். திருப்பூருக்கும் அரபு நாட்டுக்கும் போகிறவர்களில் நாலு பேராவது ஊரிலேயே பிழைக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "பசுமை" என்பது இப்போது புதிய திருநீறு. அதைப் பூசிக்கொண்டு வருகிறவனெல்லாம் யோக்கியன் ஆகிவிட மாட்டான். நஞ்சையை வளைத்துப் பலகை போடுவேன் என்பவனையும் அதே கேள்வி கேளுங்கள். சூரிய மோட்டாருக்குக் கரண்டு செலவில்லை என்று காலை முதல் மாலை வரை இறைத்தால், வெயில் குறையாது, கிணறு வற்றிப்போகும். இதையும் சொல்லவேண்டும். எதையும் பெயரைப் பார்த்து நம்பாமல், கணக்கைப் பார்த்து நம்புவதுதான் பகுத்தறிவு.

தோழர்களே! நான் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து மாணவர்கள் சேருங்கள். 2020-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தமிழில் வாசித்து ஊருக்குச் சொல்லுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று, ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு எவனாவது வந்து "உங்கள் தண்ணீர் முன்னமே உப்புத்தான்" என்றால், அந்த நோட்டு பதில் சொல்லட்டும். ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரைக்குக் கூட்டம் வருமல்லவா? அங்கேயே நின்று அந்தக் கணக்கை வாசித்துக் காட்டுங்கள். காவிரிக்கு அதைவிட நல்ல மரியாதை நாம் செய்துவிட முடியாது.